ஐசியு நைட் டூட்டி, பகல்ல தூக்கமே வரல, காரணமில்லாம அழுகை வருது. வேலைய விட்றணுமா?

நைட்_சிஸ்டர்_கோவை:

எல்லாருக்கும் வணக்கங்க. ரெண்டு வருஷமா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், எழுதறது இதுதான் முதல் தடவ. நைட் முடிஞ்சு வந்து படுத்துப் பாத்து தூக்கம் வராம எழுதறேன், தப்பிருந்தா பொறுத்துக்கங்க.

பிஎஸ்சி நர்சிங் முடிச்சு 5 வருஷம் ஆச்சு. கோயமுத்தூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரில மெடிக்கல் ஐசியுல இருக்கேன். நைட் டூட்டி சாயங்காலம் 7.30ல இருந்து காலைல 8 வரைக்கும்னு பேரு, ஹேண்டிங் ஓவர் (அடுத்த ஷிப்டுக்கு பொறுப்ப ஒப்படைக்கறது) குடுத்து கேஸ் ஷீட் எழுதி முடிச்சு வெளிய வர்றப்ப ஒம்பது ஆயிருது. தொடர்ந்து ஆறு நைட், அப்புறம் ஒரு நைட் ஆஃப். அந்த ஆஃப் எதுன்னா ஏழாம் நாள் காலைல நான் டூட்டி முடிச்சு இறங்கறேன் பாருங்க, அதே நாள்தான். அன்னிக்கு படுத்து எந்திரிக்கறதுக்குள்ள பொழுது போயிரும், மறுநாள் காலைல மார்னிங் டூட்டிக்கு நிக்கணும். ஒரு வென்டிலேட்டர் பேஷண்டுக்கு ஒரு நர்ஸ்னு காலேஜ்ல படிச்சோம், இங்க எனக்கு ரெண்டு, யாராச்சும் லீவு போட்டா மூணு.

மூணு வாரம் முன்னாடி ஆறாவது நைட்ல விடிகாலை நாலரை இருக்கும், பக்கத்து பெட்ல ஒரு ஐயாவுக்கு பிரஷர் இறங்கி எல்லாரும் அங்க ஓடிட்டோம். திரும்பி வந்து என்னோட பேஷண்ட் ட்ரேவ பாக்கறேன், நாலு மணி ஆன்டிபயாடிக் வயல், அதான் மருந்து குப்பி, உடைக்காம அப்படியே இருக்கு. சார்ட்ல குடுத்தாச்சுன்னு என் கையெழுத்து இருக்கு. நான்தான் போட்டிருக்கேன், போட்ட ஞாபகம் சுத்தமா இல்லீங்க. உடனே டூட்டி டாக்டர்கிட்ட சொல்லி மருந்த குடுத்தாச்சு, பேஷண்டுக்கு ஒண்ணும் ஆகல, நானே இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதினேன். ஆனா மறுநாள் ஹேண்டிங் ஓவர்ல எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு கேட்டாங்க, விளக்கக் கடிதம் வாங்குனாங்க. அன்னில இருந்து வீட்ல படுத்தா அந்த ட்ரேதான் கண்ணு முன்னாடி வருது. மானிட்டர் அலாரம் சத்தம் கேட்டு எந்திரிச்சு உக்கார்றேன், வீட்ல மானிட்டர் எங்க இருக்கு சொல்லுங்க.

பகல்ல மூணு மணி நேரம் தூங்குனா பெருசு. பாப்பாவுக்கு மூணு வயசு, கதவ தட்டிட்டே இருப்பா. அத்தை நல்லவங்கதான், ஆனா பன்னெண்டு மணிக்கு மேல படுத்திருந்தா பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட "ராத்திரியெல்லாம் அங்க உக்காந்துதான இருப்பா"ன்னு சொல்றது காதுல விழுது. அவரும் அலுத்துக்கறார். யார்மேலயும் பிரியமா பேச வரமாட்டேங்குது, சாப்பாடு எறங்கல, பார்க்கிங்ல வண்டிய எடுக்கறப்ப தானா கண்ணு தண்ணி கொட்டுது. இத எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன், எழுதிர்றேன். போன வாரம் அவிநாசி ரோட்ல வர்றப்ப ஒரு லாரி பக்கத்துல போச்சு, இது லேசா இடிச்சுட்டா ஒரு பத்து நாள் பெட்ல படுத்து தூங்கலாமேன்னு தோணுச்சு. தோணுன பிறகு பயந்துட்டேன்.

சம்பளம் 19,000. அவரோட லோன் ஓடுது. எனக்கு மட்டும்தான் இப்படியா, என் கூட இருக்கறவங்க எல்லாரும் சமாளிக்கறாங்களே, நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையா? டாக்டர பாத்தா ஆஸ்பத்திரிக்கு தெரிஞ்சு எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்ல எழுதிருவாங்களா? யாராச்சும் சொல்லுங்க.


மதுரை_சீனியர்_சிஸ்டர்:

தாயி, முதல்ல ஒண்ணு. நாலரை மணிக்கு நடந்தத யாரும் கேக்காமலே நீயா போய் சொல்லி நீயா எழுதிக் குடுத்திருக்க. மறைச்சிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. லாயக்கில்லாதவ இத செய்ய மாட்டா. எனக்கு சர்வீஸ் 22 வருஷம், கவர்மெண்ட் ஆஸ்பத்திரி, உன்ன மாதிரி ஒருத்தி என் வார்டுல இருந்தா நான் நிம்மதியா இருப்பேன்.

ரெண்டாவது, கூட இருக்கறவங்க எல்லாரும் சமாளிக்கறாங்கன்னு எப்படித் தெரியும்? உன்ன பாத்து அவங்களும் அதத்தான் நினைச்சிட்டு இருப்பாங்க. எங்க அப்பா தவறி பதினாறு நாள் கூட ஆகல, நைட்டுக்கு போட்டாங்க. ரெண்டு மாசம் ட்ரெஸ்ஸிங் ரூம்ல கதவ சாத்திட்டு அழுதேன், வெளிய வந்து மூஞ்சிய தொடச்சிட்டு ட்ரிப் மாத்துவேன். ஒருத்தருக்கும் தெரியாது. பல வருஷம் கழிச்சு ஒரு டீ குடிக்கறப்ப சொன்னா, என்கூட இருந்த ரெண்டு பேரு "நானும் அதே ரூம்லதான் அழுதேன்"ங்கறாங்க.

இப்ப அந்த ஆஃப் விஷயம். எனக்கு இதப் படிச்சதும் கோவம் வந்ததே இங்கதான். டூட்டி முடிச்சு இறங்குற நாள ஆஃப்னு கணக்கு வைக்கிறது ஆஃபே கிடையாது. அது ஸ்லீப்பிங் டே. அது போக முழுசா ஒரு நாள், முடிஞ்சா ரெண்டு நாள் குடுத்தாத்தான் உடம்பு ராத்திரி தூக்கத்துக்கு திரும்பும். நைட் முடிச்சு 24 மணி நேரத்துல மார்னிங்குக்கு நிக்க வைக்கிறது அதவிட மோசம். மாத்துறதுன்னா மார்னிங், அப்புறம் ஈவினிங், அப்புறம் நைட்டுன்னு முன்னோக்கி மாத்தணும், உடம்பு கொஞ்சமாச்சும் தாங்கும். நைட்டுல இருந்து நேரா மார்னிங்குக்கு இழுத்தா தாங்காது.

எங்க வார்டுல முன்னாடி ஒரு வாரம் தொடர்ச்சியா நைட் இருந்துச்சு. நாங்க நாலு பேர் சேர்ந்து ரோஸ்டர, அதான் டூட்டி அட்டவணைய, நாங்களே ஒரு நோட்டு பேப்பர்ல கட்டம் போட்டு எழுதி நர்சிங் சூப்பிரண்டென்ட் மேடம்கிட்ட கொண்டு போனோம். மூணு நைட்டுக்கு மேல வேண்டாம், முடிஞ்சதும் ரெண்டு நாள் விடுங்க, ரெண்டு மணிக்கு மேல நாலு மணிக்குள்ள ஆளுக்கு அரைமணி நேரம் மாத்தி மாத்தி படுத்துக்கறோம், ஒருத்தி படுத்தா பக்கத்துல இருக்கறவ ரெண்டு பேரோட பேஷண்டையும் பாத்துக்குவான்னு கேட்டோம். மேடம் முதல்ல கத்துனாங்க. அப்புறம் மூணு நைட்டும் அரைமணி நேரமும் ஒத்துக்கிட்டாங்க, ரெண்டு நாள் மட்டும் கிடைக்கல, ஆளு இல்லன்னாங்க, அது உண்மைதான், ஆளு இல்லதான். தனியா போய் கேட்டிருந்தா ஒண்ணும் நடந்திருக்காது. 2015ல எம்ஆர்பி (அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) பரீட்சை எழுதி 7,700 ரூபாய் தொகுப்பூதியத்துல வந்த பிள்ளைக 2017 நவம்பர்ல சென்னை டிஎம்எஸ் (மருத்துவத் துறை தலைமை அலுவலகம்) வளாகத்துல போராட்டத்துக்கு போய் உக்காந்த பிறகுதான் அப்படி ஒரு சம்பளத்துல நர்ஸ் இருக்காங்கங்கறதே வெளிய பல பேருக்கு தெரிஞ்சுது.

வேலைய விடறத இப்ப முடிவு பண்ணாத. தூங்காத மண்டையில எடுக்கற முடிவு எதுவும் சரியா இருக்காது. மருந்துக்கு மட்டும் ஒரு பழக்கம் வெச்சுக்க, குடுத்து முடிச்சு காலி வயல கையில பிடிச்சிக்கிட்டே கையெழுத்து போடு. முன்கூட்டியே எல்லா மருந்துக்கும் சேர்த்து கையெழுத்து போடற வழக்கம் உங்க ஐசியுல இருந்தா, நீ மட்டும் அத செய்யாத. மத்தத ராத்திரி எழுதறேன், இப்ப டூட்டிக்கு கிளம்பறேன்.


மனநல_வார்டு_ப்ரதர்:

சிஸ்டர், நான் மனநலப் பிரிவுல ஸ்டாஃப் நர்ஸ். லாரி விஷயத்த எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன்னு சொன்னீங்களே, எழுதுனது ரொம்ப நல்லது. சாகணும்னு நேரடியா தோணணும்னு இல்ல, அடிபட்டு படுத்தாலாவது ஓய்வு கிடைக்கும்னு தோணறதும் நாங்க உக்கார வெச்சு கேக்கற விஷயம்தான். அதனால வெளிப்படையா கேக்கறேன், உயிர விட்றலாம்ங்கற எண்ணம் வந்திருக்கா? வந்தா இந்த பதிலுக்கெல்லாம் காத்திருக்காதீங்க, 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், 24 மணி நேரமும் இருக்கு, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. விடிகாலை மூணு மணிக்கு கூட எடுப்பாங்க, நம்ம வேலைக்கு அதுதான முக்கியம். இப்போதைக்கு நைட் முடிச்சு நீங்க வண்டி ஓட்டாதீங்க. கெஞ்சி கேக்கறேன்.

வண்டி விஷயத்துல எண்ணத்துக்காக மட்டும் சொல்லல. 1997லயே ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, தொடர்ந்து 17 மணி நேரம் முழிச்சிருக்கறவங்களோட கவனமும் கையோட வேகமும் ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கறவங்க அளவுக்கு இறங்கிருதுன்னு. நம்ம நாட்டு சட்டத்துல 0.03க்கு மேல போனாலே குடிச்சிட்டு ஓட்டுனதா கேஸ். நீங்க பாப்பா எந்திரிச்சதும் மத்தியானம் ரெண்டு மணிக்கு எந்திரிக்கறீங்கன்னு வைங்க, மறுநாள் காலைல ஒம்பது மணிக்கு வண்டிய எடுக்கறப்ப 19 மணி நேரம் ஆச்சு. நாலரை மணிக்கு கையெழுத்து போட்டது ஞாபகம் இல்லன்னு சொன்னீங்களே, அந்த நேரத்துல உடம்பு சூடே ஒரு நாள்லயே ரொம்ப கம்மியா இருக்கும், மூளை பாதி தூக்கத்துல இருக்கும். கண்ணு திறந்திருக்கறப்பவே சில செகண்ட் தூங்கிரும், நமக்கே தெரியாது. ஆறாவது நைட்ல, ரெண்டு வென்டிலேட்டரோட, பக்கத்து பெட்ல ஒருத்தர் கொலாப்ஸ் ஆகறப்ப நடந்த விஷயத்துக்கு உங்க ஒருத்தர்கிட்ட மட்டும் விளக்கக் கடிதம் வாங்குனது நியாயம் இல்ல.

உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் இருக்குன்னு பேச்சுக்கு சொல்றதில்ல, கண்ணுக்கு பின்னாடி மூளைல நிஜமாவே ஒரு சின்ன இடம் அந்த வேலைய பாக்குது, வெளிச்சத்த வெச்சுத்தான் அது மணி பாக்குது. அந்தக் கடிகாரம் செல்லுக்குள்ள எப்படி ஓடுதுன்னு கண்டுபிடிச்சதுக்குத்தான் 2017ல மருத்துவத்துக்கு நோபல் குடுத்தாங்க. ஒம்பது மணி வெயில்ல வீட்டுக்கு வர்றப்ப "விடிஞ்சிருச்சு, எந்திரி"ன்னு அதுக்கு தகவல் போயிருது, அப்புறம் போய் படுத்தா எப்படி தூக்கம் வரும்? அதனால ஆஸ்பத்திரிய விட்டு இறங்கறப்பவே கூலிங் கிளாஸ் போடுங்க, ஜன்னல்ல கறுப்பு துணி, போன வேற ரூம்ல வைங்க. டீ காபி நைட்டோட முதல் பாதியிலயே முடிச்சிருங்க, மூணு மணிக்கு மேல குடிக்கறது பகல் தூக்கத்துலதான் கை வைக்கும்.

ஆனா உங்களுக்கு கூலிங் கிளாஸ் மட்டும் பத்தாது. ரெண்டு வாரத்துக்கு மேல அழுகை, சாப்பாடு எறங்காதது, யார்மேலயும் பிரியம் வராதது, நான் லாயக்கில்லங்கற நினைப்பு, இவ்வளவும் சேர்ந்திருந்தா டிப்ரஷனான்னு மனநல டாக்டர்தான் பாத்து சொல்லணும். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஓபிக்கு போகலாம். சம்பளம் 21,000க்குள்ள இருக்கறதால உங்களுக்கு ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடிப்பாங்க, சம்பள ஸ்லிப்ப பாருங்க, பிடிச்சா ஈஎஸ்ஐலயே வைத்தியம் பாக்கலாம், தகுதி இருந்தா டாக்டர் எழுதற லீவுக்கு சம்பளத்துல 70 சதவீதம் கிடைக்கும். டாக்டர்கிட்ட நீங்க சொல்றது உங்க ஆஸ்பத்திரிக்கு போகாது, 2017 மனநலச் சட்டம் அந்த ரகசியத்த உங்க உரிமையா வெச்சிருக்கு. எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்ல அத எழுதறதுக்கு இடமே இல்ல.

இன்னொண்ணு, நம்ம கூட வேலை பாக்கறவங்க நிறைய பேர் செய்யறதால சொல்றேன், தூக்கத்துக்குன்னு அல்பிரசோலம் நீங்களா போட ஆரம்பிச்சிராதீங்க. கைக்கு எட்டற தூரத்துல இருக்குங்கறதாலயே ஆரம்பிச்சு விட முடியாம எங்க வார்டுக்கே வந்த சிஸ்டர்ஸ் இருக்காங்க.


திருப்பூர்_அப்பா:

நான் நர்ஸ் இல்லீங்க, என் வீட்டம்மா நர்ஸ். இது உங்க வீட்டுக்காரர் படிக்கட்டும்னு எழுதறேன்.

அண்ணா, நானும் அலுத்துக்கிட்டவன்தான். பனியன் கம்பெனில நைட் ஷிப்ட் நானே பாத்திருக்கேன், அதனால இதென்ன பெரிய விஷயம்னு நினைச்சேன். ஒரு தடவ எங்க அம்மாவுக்கு முடியாம இவ வேலை பாக்கற ஆஸ்பத்திரிலயே சேர்த்து ராத்திரி நான் கூட இருந்தேன். அன்னிக்குத்தான் பாத்தேன். பன்னெண்டு மணிக்கு ஒருத்தர் இறந்துட்டார், அந்த வீட்டு ஆளுங்க இவள கை நீட்டி திட்டறாங்க, இவ ஒண்ணும் பேசாம கேட்டுட்டு நின்னுட்டு அடுத்த நிமிஷம் பக்கத்து பெட்டுல ஒரு பாட்டிகிட்ட சிரிச்சு பேசி ஊசி போடறா. விடியற வரைக்கும் உக்காரவே இல்ல. எங்க கம்பெனில மெஷின் நின்னா நாங்களும் கொஞ்ச நேரம் நிப்போம், அங்க எதுவும் நிக்காதுண்ணா.

அதுக்கப்புறம் நைட் வாரத்துல காலைல நானே பைக்ல போய் கூட்டிட்டு வர்றேன். வந்ததும் ரெண்டு இட்லி சாப்பிட்டு படுத்தர்றா, பையன நான் பால்வாடில விட்டுட்டு வேலைக்கு போறேன், மத்தியானம் எங்கம்மா பாத்துக்கறாங்க. குக்கர் வைக்கறது எல்லாம் அவ படுக்கறதுக்கு முன்னாடியே முடிச்சர்றாங்க. கதவுல ஒரு சிவப்பு துண்டு தொங்கும், அது தொங்குனா யாரும் தட்டக் கூடாது, மூணு வயசுலயே பையனுக்கு அது புரிஞ்சிருச்சு. சொந்தக்காரங்களுக்கு எல்லாம் நானே சொல்லிட்டேன், ராத்திரி பன்னெண்டு மணிக்கு உங்கள நான் போன்ல எழுப்புனா எப்படி இருக்குமோ பகல் பன்னெண்டு மணிக்கு அவளுக்கு அப்படித்தான்னு. முதல்ல முகம் சுளிச்சாங்க, இப்ப பழகிருச்சு.

சிஸ்டர், நீங்க பொறுமையா சொன்னா அத்தைக்கும் புரியும். முடிஞ்சா ஒரு நாள் ராத்திரி நீங்க என்ன பண்ணீங்கன்னு மணி வாரியா எழுதி அவர்கிட்ட குடுங்க.


லெஸ்டர்_தமிழ்ச்சி:

மதுரை அக்கா சொன்னதுல ஒண்ணுல மட்டும் எனக்கு வேற கருத்து இருக்கு. முடிவ இப்ப எடுக்காதங்கறது சரி, ஆனா விடறது தப்புன்னு யாரும் மனசுல போட்டுக்க வேண்டாம். நான் திருச்சில ஒரு ஆஸ்பத்திரில நாலு வருஷம் இருந்தேன், இத்தன வருஷம் இங்கயே வேலை பாக்கணும்ங்கற பாண்டுக்காக ஒரிஜினல் சர்டிபிகேட்ட வாங்கி வெச்சிருந்தாங்க, கேட்டுப் பாத்தோம், கடிதம் குடுத்தோம், ஒண்ணும் மாறல, விட்டேன். விட்டு ஆறு மாசம் ஒரு சின்ன கிளினிக்ல பகல் வேலை, சம்பளம் கம்மி, ஆனா அந்த ஆறு மாசம்தான் என்ன மனுஷி ஆக்குச்சு.

இப்ப இங்கிலாந்துல இருக்கேன். இங்க வந்தா எல்லாம் சரியாயிரும்னு நினைச்சு வராதீங்க, இங்கயும் பன்னெண்டரை மணி நேர நைட் இருக்கு, டிசம்பர்ல நாலு மணிக்கே இருட்டிரும், நைட் வாரம் முழுக்க சூரியனையே பாக்காம போகும், வீட்டு ஆளுங்க பக்கத்துல இல்ல. ஆனா ஒரு ஷிப்டுக்கும் அடுத்த ஷிப்டுக்கும் நடுவுல 11 மணி நேரம் ஓய்வு சட்டத்துலயே இருக்கு, ரோஸ்டர் பல வாரம் முன்னாடியே கையில வந்துரும், நைட் ஒத்துக்கலன்னு சொன்னா ஊழியர்களோட உடல்நலத்த பாக்கற ஆக்குபேஷனல் ஹெல்த் பிரிவுக்கு அனுப்புவாங்க, கிண்டல் பண்ண மாட்டாங்க.

சம்பளத்த பத்தியும் ஒரு வார்த்தை. 2016ல சுப்ரீம் கோர்ட் சொல்லி மத்திய அரசு ஒரு கமிட்டி போட்டுச்சு. 50 பெட்டுக்கு கீழ இருக்கற ஆஸ்பத்திரில கூட நர்ஸுக்கு மாசம் 20,000க்கு குறையக் கூடாதுன்னும், 200 பெட்டுக்கு மேல போனா கவர்மெண்ட் நர்ஸ் சம்பளம் குடுக்கணும்னும் அந்த கமிட்டி பரிந்துரை பண்ணுச்சு. நிறைய இடத்துல அது பரிந்துரையாவே நிக்குது. 5 வருஷம் ஐசியு அனுபவத்துக்கு 19,000ங்கறது உங்க மதிப்பு இல்ல சிஸ்டர், அத மனசுல வெச்சுக்கங்க.


நைட்_சிஸ்டர்_கோவை:

பன்னெண்டு நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கங்க. எல்லார் பதிலையும் பல தடவ படிச்சேன். ப்ரதர், நீங்க கேட்டதுக்கு பதில், ஒரு தடவ தோணுச்சு. அன்னிக்கே 14416க்கு பேசினேன், ஒரு மேடம் முக்கால் மணி நேரம் கேட்டாங்க. ஈஎஸ்ஐல மனநல டாக்டர பாத்தேன், மாத்திரை எழுதி பத்து நாள் லீவு குடுத்தாங்க. முதல் மூணு நாள் தூங்கிட்டே இருந்தேன். இன்னும் அழுகை வருது, ஆனா பாப்பா கூட உக்காந்து விளையாடினேன், அது எவ்வளவு நாளாச்சு.

அவர்கிட்ட திருப்பூர் அண்ணா எழுதுனத மட்டும் காட்டினேன். ஒண்ணும் பேசல. மறுநாள் ஜன்னலுக்கு துணி அடிச்சிட்டு இருந்தார். அத்தைக்கு இன்னும் புரியல, பாக்கலாம்.

டூட்டில ஜாயின் பண்ணிட்டேன். இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட பேசினேன், எனக்கு மட்டும் மூணு நைட், ரெண்டு ஆஃப்னு மாத்தி குடுத்திருக்காங்க. இப்ப கஷ்டம் என்னன்னா மீதி நைட்டு எல்லாம் மத்த பிள்ளைக தலைல போயிருச்சு. புதுசா வந்த ஒரு பொண்ணுக்கு எட்டு நைட் தொடர்ச்சியா போட்டிருக்காங்க, நேத்து லாக்கர் ரூம்ல அவ கண்ணு சிவந்து இருந்துச்சு, கேட்டா தூசின்னு சொல்றா. எனக்கு அது தூசி இல்லன்னு தெரியும். மதுரை அக்கா, நீங்க மேடம்கிட்ட ரோஸ்டர் கொண்டு போன மாதிரி நாங்களும் கேக்கலாம்னு இருக்கோம், அதுக்கு கடிதம் எப்படி எழுதறது? நாங்க அஞ்சு பேர் கையெழுத்து போட தயாரா இருக்கோம், ரெண்டு பேருக்கு பயமா இருக்கு.


மதுரை_சீனியர்_சிஸ்டர்:

பயப்படற ரெண்டு பேர வற்புறுத்தாத, அஞ்சு போதும். அந்த எட்டு நைட் பிள்ளைகிட்ட முதல்ல போய் பேசு, கடிதம் ரெண்டு நாள் கழிச்சு எழுதிக்கலாம். எதுவும் கேக்க வேண்டாம், நீ பார்க்கிங்ல அழுதத அவகிட்ட சொல்லு, அவளா சொல்லுவா.

கடிதத்துல யாரையும் குறை சொல்லாதீங்க. போன மூணு மாசத்துல யாருக்கு எத்தன நைட் தொடர்ச்சியா வந்துச்சு, நைட் முடிஞ்சு எத்தன மணி நேரத்துல அடுத்த டூட்டி, அந்த ராத்திரி எத்தன வென்டிலேட்டர், எத்தன பேர் டூட்டில, இத மட்டும் தேதி வாரியா ஒரு பக்கம் எழுதுங்க. நடந்த தவறுகள எழுதறதா இருந்தா பேர் போடாம தேதியும் மணியும் மட்டும் போடுங்க. அப்பதான் எத்தன தவறு விடிகாலை மூணுல இருந்து அஞ்சுக்குள்ள வருதுன்னு அவங்களே பாப்பாங்க. அடுத்த பக்கத்துல நீங்க கேக்கற ரோஸ்டர கட்டம் போட்டு காட்டுங்க, இருக்கற ஆளுகள வெச்சே எப்படி ஓட்டலாம்னு. ஆளு எடுங்கன்னு கடைசி வரில கேளுங்க. ஒரு காப்பில சீல் போட்டு வாங்கி வெச்சுக்க மறக்காதீங்க.

எழுதிட்டு பேரெல்லாம் எடுத்துட்டு எனக்கு தனி மெசேஜ்ல அனுப்பு தாயி. செவ்வாக்கெழம எனக்கு ஈவினிங் டூட்டி, காலைல பதினோரு மணிக்குள்ள அனுப்புனா பாத்து திருத்தி குடுத்தர்றேன்.